இஞ்சு மரை, மில்லி போல்ட்டு

பைலி: விரலை எடுக்காதடா! எடுத்தே, நாற்பது லிட்டரும் என் மூஞ்சியிலதான்.

அவிராச்சன்: எடுக்கலை ஆசானே... விரல் மரத்தே போச்சு. பொண்ணு பார்க்கக் கிளம்பினவனை இப்படி வண்டிக்கு அடியில மல்லாத்திட்டீங்களே.

பைலி: டேங்கு ரொம்பப் பெட்ரோல் போடச் சொன்னது யாரு? பொண்ணு வீடு கூத்தாட்டுக்குளத்துலதானே இருக்கு, காசர்கோட்டுலயா?

அவிராச்சன்: வழியில நின்னுடக் கூடாதேன்னுதான்...

பைலி: அதான் வாசல்லயே நின்னுட்டே.

அவிராச்சன்: சொட்டுதேன்னு அடியில இருந்த போல்ட்டைத் தொட்டேன். கையோட வந்துடுச்சு. ஒரு கேன்ல பிடிச்சுக்கலாமே ஆசானே?

பைலி: கேனெல்லாம் மாதா கோவில் பெருநாளுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. உன் விரல்தான் இப்ப மூடி. இது உங்கப்பன் காலத்து அம்பாசடர், இஞ்சு மரை. இதுல எவனோ மில்லிமீட்டர் அளவு போல்ட்டை வச்சு, இறங்கலைன்னதும் சுத்தியலால அடிச்சிருக்கான். உள்ள மரையே இல்ல, வழவழன்னு இருக்கு. எந்த மடையன்டா அவன்?

அவிராச்சன்: ...எவனோ.

பைலி: அவன் கையை ஒடிக்கணும்! இவனெல்லாம் ஸ்பேனர் பிடிக்கலைன்னு எவன் அழுதான்?

அவிராச்சன்: விடுங்க ஆசானே... மணி என்ன?

பைலி: பத்தே முக்கால்.

அவிராச்சன்: பதினொண்ணுக்கு வரோம்னு சொல்லியிருக்கு. எனக்கு வயசு முப்பத்தொன்பது. இது பதினோராவது பொண்ணு. இதுவும் போச்சுன்னா, பாதிரியாராகலாம்னு போனா இந்த வயசுக்கு செமினாரியிலகூடச் சேர்த்துக்க மாட்டாங்க.

பைலி: பொண்ணு என்ன பண்ணுது?

அவிராச்சன்: ஜின்சி... ஐ.டி.ஐ.யில டீச்சர். ஃபிட்டர் வேலை சொல்லிக் கொடுக்குது.

பைலி: ஃபிட்டரா? நம்ம... போல்ட்டு நட்டு ஃபிட்டரா?

அவிராச்சன்: ஆமா. உங்க முகம் ஏன் மாறுது?

பைலி: வெயிலு. அசையாதே, கொஞ்சம் பெருசாப் புது மரை வெட்டணும். மரை வெட்டற டேப்புல கிரீஸ் தடவிக்கறேன், இல்லைன்னா இரும்புத் தூளெல்லாம் டேங்குக்குள்ள விழும்.

அவிராச்சன்: என் போன் அடிக்குது! சட்டைப் பையில... யாருன்னு பாருங்க!

பைலி: பெட்ரோல் பக்கத்துல போனா? இரு, ஜாதிக்கா மரத்தடிக்கு எடுத்துட்டுப் போறேன்... 'உலகன்னான், பொண்ணோட அப்பா'ன்னு போட்டிருக்கு. ஹலோ! இல்ல, நான் ஒர்க்‌ஷாப் பைலி. அவிராச்சன் வர லேட்டாகும். மரை கழண்டுபோச்சு... ஆமா, முழுசா.

அவிராச்சன்: ஆசானே! டேங்குன்னு சொல்லுங்க!

பைலி: கேக்கலை, சும்மா கிட... ஒரு மாசமாவே இருந்திருக்கு. முதல்ல லேசாச் சொட்டிச்சாம். கீழ கிண்ணம் வச்சுச் சமாளிச்சிருக்கான்.

அவிராச்சன்: ஐயோ மாதாவே!

பைலி: ...ஆமா, கத்துறது அவன்தான். மல்லாக்கப் படுக்க வச்சிருக்கேன். எழுந்தா ஆபத்து. தீக்குச்சியைக் கிட்ட கொண்டுபோகக் கூடாது... என்னது, டாக்டரா? எதுக்கு? நானே புதுசா ஒண்ணை முறுக்கி விட்டா சரியாயிடும். ஹலோ? ஹலோ?

அவிராச்சன்: வச்சுட்டாரா?

பைலி: இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுட்டு வச்சுட்டார். ஒரு டேங்குக்கு இவ்வளவு பயமா?

அவிராச்சன்: டேங்குன்னு நீங்க சொல்லவே இல்லையே! அவிராச்சனுக்கு மரை கழண்டுபோச்சுன்னா மனுசன் என்னன்னு நினைப்பார்?

பைலி: ...ஓ.

அவிராச்சன்: என்ன ஓ? என் வாழ்க்கையே போச்சு!

பைலி: இரு, திரும்ப அடிக்குது. ஹலோ... டேய், பொண்ணுடா!

அவிராச்சன்: டேங்கு! முதல்ல டேங்குன்னு சொல்லுங்க!

பைலி: மோளே, மரை போனது அவனுக்கில்ல, அவன் டேங்குக்கு... வண்டி டேங்கு மோளே, வண்டி... டேய், சிரிக்குதுடா.

அவிராச்சன்: நல்ல சிரிப்பா?

பைலி: போனே அதிருது. இஞ்சா மில்லியான்னு கேக்குது.

அவிராச்சன்: உள்ளதைச் சொல்லுங்க.

பைலி: ஓட்டை இஞ்சு, போல்ட்டு மில்லி மோளே... ம்ம்... ம்ம்... அப்படி அடிச்சு இறக்கின புண்ணியவான் யாருன்னு கேக்குது. என்னடா சொல்ல?

அவிராச்சன்: நான்தான்னு சொல்லுங்க.

பைலி: ...நீயா?

அவிராச்சன்: சொல்லுங்க ஆசானே, வச்சுடப் போகுது!

பைலி: அவனேதானாம் மோளே... சரி... சரி, சொல்றேன். டேய், மரையைக் கெடுத்தது நான்தான்னு ஒத்துக்கிட்ட ஆம்பளையை இப்பதான் முதல் தடவையாப் பார்க்குதாம். எத்தனை மணியானாலும் வரணுமாம். அப்பாகிட்ட அதுவே பேசிக்குதாம். அப்புறம்...

அவிராச்சன்: அப்புறம்?

பைலி: அந்த போல்ட்டையும் கொண்டுவரணுமாம். வகுப்புல காட்டவாம்.

அவிராச்சன்: கொண்டுபோயிடலாம்! சீக்கிரம் வெட்டுங்க மரையை!

பைலி: ஒண்ணு... ரெண்டு... மூணு, எடு விரலை! ம்ம்... ம்ம்... வெட்டிக்கிட்டு ஏறுது. இனி டேப்பு வெளியில, போல்ட்டு உள்ள... முகத்தைத் திருப்பிக்கடா! ஆச்சு. செம்பு வாஷரோட உட்கார்ந்துடுச்சு. எழுந்திரு.

அவிராச்சன்: சட்டைக் கையெல்லாம் பெட்ரோல்.

பைலி: ஃபிட்டருக்கு அது சென்ட் மாதிரி. போ, போ.

அவிராச்சன்: பழைய போல்ட்டு?

பைலி: அது... இங்கயே கிடக்கட்டும். காணோம்னு சொல்லிடு.

அவிராச்சன்: ஆசையாக் கேட்டிருக்கே ஆசானே.

பைலி: தலையில சுத்தியல் அடியைப் பாரு, எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு விழுந்திருக்கு. இடதுகைக்காரன் அடிச்ச அடி. அந்தப் பொண்ணு ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடும்.

அவிராச்சன்: நீங்க இடதுகைதானே ஆசானே? போன மாசம் டேங்கு கழுவினப்போ நீங்க அடிச்சு இறக்கினதைப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாட்டு வேற பாடினீங்க.

பைலி: அடப்பாவி! அப்ப அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது?

அவிராச்சன்: பதினோராவது பொண்ணு ஆசானே... உங்க பேரைச் சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா? விரல் டேங்குக்குள்ள இருந்துது.

பைலி: நான் அவ்வளவு திட்டினேன், ஒரு வார்த்தை பேசலையேடா.

அவிராச்சன்: தெரியாமத் திட்டறீங்கன்னு விட்டுட்டேன். இது உங்க வேலைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

பைலி: போல்ட்டைப் பார்த்ததுமே. அதனாலதானே அவ்வளவு சத்தமாத் திட்டினேன்.