அசைவக் கல்

பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்ததில் என் வேலையும் போயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு நடந்து, தீவுக்குப் போகும் ஃபெர்ரி ஏறினேன். முன் இருக்கையில், லங்காவி சுற்றிவிட்டுத் திரும்பும் கணவன் மனைவி.

“நம்ம வீட்டுச் சாமி மேடைக் கல்லு அசைவம்ங்க,” என்றார் அந்த அக்கா.

“கல்லு எப்படி அசைவம் லா?”

“படகுல கைடு சொன்னான்ல? சிப்பி, பவளப்பூச்சி எல்லாம் செத்து, கடலுக்கு அடியில படிஞ்சி, இறுகித்தான் சுண்ணாம்புப் பாறை ஆச்சாம். நம்மதும் அதே கல்லுதானே?”

“அது கோடி வருசத்துக்கு முன்னாடி லா!”

“செத்தது செத்ததுதான். நாளைக்குச் சாயங்காலம் அதுமேல எப்படி விளக்கேத்துவேன்?”

“நீ வெத்திலைல தடவுற சுண்ணாம்பும் சிப்பியச் சுட்டதுதான்.”

அக்காவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது.

“நான் என்ன சாமியா?”

கணவர் பெருமூச்சு விட்டு, கல் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். “கழட்டித் தருவாங்களாம். ஆனா டத்தோ கெராமாட் ரோட்டுக் கடையில தூக்க ஆள் இல்லையாம்.”

மறுநாள் காலை அந்தக் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் வேலை, சாமி மேடைக் கல்லைக் கழற்றி அக்கா காட்டிய இடத்தில் பதிப்பது. அக்காவின் கணவர் தனியாக உட்கார்ந்து மீன் சாப்பிடும் கொல்லைப்புற மேசை அது.