மூன்றாவது சிவப்புப் புள்ளி

ஒலிபெருக்கி இரண்டு முறை உறுமிய பிறகும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் நம் குடியிருப்புச் சங்கத்தின் மாண்பமை தலைவர் அவர்களே, கடிகாரமும் கண்டிப்பும் கையோடு கொண்டுவந்திருக்கும் செயலாளர் அவர்களே, முழங்கால் வலியை மாடியிலேயே விட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, கண் கைபேசியிலும் காது பாதி என்மேலுமாக இருக்கும் இளையோரே, உங்கள் எல்லோருக்கும் பயத்தோடு என் வணக்கம்.

பயத்தோடு என்றது அழகுக்காகச் சொன்னதல்ல, முன்வரிசைக்குத் தெரியும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலுக்கென்று தனியாக வைத்த பிரேக்கின்மேல் நாள் முழுவதும் பாதத்தை வைத்திருப்பவள். அடுத்த நொடி என்ன ஆகுமோ என்று பயப்படுவதற்கே எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் கடந்த மூன்று வாரமாகத் தட்டில் இருக்கும் காய்கறியைப் பார்த்துப் பயப்படுகிறேன். கழுவியதை மறுபடி கழுவுகிறேன். நறுக்கியதை மறுபடி முகர்கிறேன்.

அழைப்பில் என்ன அச்சடித்திருக்கிறார்கள்? 'தீர்மானத்தை ஆதரித்து, பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய் உரையாற்றுவார்.' தீர்மானம் என்ன? சனிக்கிழமைதோறும் நம் வண்டி நிறுத்துமிடத்துக்குக் காய்கறி கொண்டுவரும் தோட்டக்கார அக்காவை இன்றோடு நிறுத்துவது. எங்கிருந்தோ லாரியில் ஏற்றி, உறையில் போட்டு ஒட்டி அனுப்பும் நிறுவனத்திடம் வாங்குவது. இந்தத் தீர்மானத்துக்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார்? மருத்துவமனை பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது நானல்லவா?

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். அரை மணி நடைதூரத்தில் விளைவதையே நம் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், குடும்பத்தோடு போய் வாங்க வேண்டும், விளைவித்தவர் முகம் தெரிந்து உண்ண வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் முழங்கினோம். முழங்கியவர்களில் மிக உரக்க முழங்கியவள் இந்தப் பாவி. வியாழக்கிழமை ஒவ்வொரு வீடும் வேண்டியதைப் பட்டியலில் எழுதும். சனிக்கிழமை காலை அக்கா கதவு எண் போட்ட பைகளில் நிரப்பிக் கொண்டுவருவார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பை தூக்கினார்கள். என் மகள், நீங்கள் எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுகிறீர்களே, அவள் கத்தரிக்காயைப் பொம்மை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு படியேறினாள். இனித்தது, தாய்மார்களே, அந்தக் காலையெல்லாம் இனித்தது.

அப்புறம் ஒரு வாரம் என் பையில் கீரை இல்லை. எனக்கு வந்ததே கோபம். கூட்டத்தைக் கூட்டி ஒரு யோசனை சொன்னேன். பட்டியலில் எழுதியது பையில் இல்லையென்றால் அறிவிப்புப் பலகையில் அக்காவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் இடம் வேறு ஆளுக்கு. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். 'நல்ல நிர்வாகி' என்று செயலாளர் என்னைப் பாராட்டினார். பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், அன்றைக்கு நானும் பெருமையோடுதான் சிரித்தேன்.

இந்தக் கோடையில் அக்காவுக்கு இரண்டு புள்ளி விழுந்துவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை எல்லார் பையிலும் கீரை இருந்தது. அவர் எப்போதும் கட்டும் பழைய துணிக் கிழிசலாலேயே கட்டியிருந்தது. நம் தோட்டத்துக் கீரைதானே என்று நான் ஒரே தண்ணீரில் அலசிச் சமைத்தேன். மகளுக்கு ஊட்டியும் விட்டேன். மதியத்துக்குள் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு விழுந்தாள்.

மருத்துவர் கேட்டார், "கீரை எங்கம்மா வாங்கினீங்க?"

"நம்ம பக்கத்துத் தோட்டம்தான் டாக்டர், ரொம்ப சுத்தம்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை போகவில்லை.

"நல்லா கழுவினீங்களா?"

ஒரே தண்ணீரில் அலசினேன் என்றேன். சரியாகக் கழுவாத கீரையாகத்தான் இருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பெற்ற தாய்க்கு அந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' போதும், உயிர் போவதற்கு. ஊசி குத்திய கையை மகள் என்னிடம் நீட்டி, "அம்மா, நான் இனிமே கீரை கேக்க மாட்டேன்" என்றாள். கீரையை அவள் என்றைக்குக் கேட்டாள்? நான்தானே திணித்தேன்?

அவள் தேறி வீடு வந்த மறுநாள் காலை நான் தோட்டத்துக்குப் போனேன். கேட்க வேண்டியதை எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றால், கீரைப்பாத்தி வெடித்துக் கிடக்கிறது. ஒரு இலை இல்லை. பல வாரமாக இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அக்கா வாளியோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு?"

"கீரை ஏதுக்கா?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "மொத்தச் சந்தையில வாங்கினேன். நான்தான் அவுத்துத் திரும்பக் கட்டினேன்."

"ஏன்க்கா இப்படி செஞ்சீங்க? ஒரு வார்த்தை, இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டு புள்ளி வச்சீங்க."

அந்தப் புள்ளிக்கு யோசனை சொன்னவளே நான்தான்.

கொட்டகையைக் காட்டினார். உள்ளே பூசணிக்காய், அன்பர்களே, இடுப்புயரத்துக்குப் பூசணிக்காய். "இது நல்லா காய்ச்சிருக்கு. ஆனா பட்டியல்ல யாருமே எழுதலையே. எழுதாதத எப்படிம்மா பையில வைக்கிறது?" என்று கேட்டார். நம் வீட்டுக்கு அரை மணி தூரத்தில் உணவு குவிந்து கிடக்கிறது. நாம் அதன் பெயரை எழுதவில்லை என்பதற்காக அது நம் பிள்ளைக்கு வரவில்லை. மண் என்ன நம் பட்டியலைப் படித்துவிட்டா முளைக்கிறது? மழை என்ன வியாழக்கிழமை நம்மிடம் விசாரித்துவிட்டா பெய்கிறது? மண்ணுக்குப் பக்கத்தில் வாழ ஆசைப்பட்டோம், பருவத்தை மறந்தோம். விளைவிப்பவரை நம்பினோம் என்றோம், விளையவில்லை என்றபோது தண்டித்தோம். உள்ளூர்க் காய்கறி கேட்டோம், ஆனால் கடை அலமாரி மாதிரி என்றைக்கும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்டோம்.

தலைவர் என்னைப் பார்க்கிறார். ஐயா, நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடம் முடிந்தது, தெரியும். இன்னும் இரண்டு நிமிடம் பிச்சை போடுங்கள்.

நான் அக்காவை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. தாய்மார்களே, பொய் சொல்லி என் பிள்ளை வாயில் போன கவளத்தை என்னால் மறக்க முடியாது. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அதோ மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று காலைகூட, "நீ என்ன வேணா பேசு, நான் தீர்மானத்துக்குத்தான் கை தூக்குவேன்" என்றார். அவர் கோபத்தில் தப்பு இல்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஓடியவர் அவர்தான்.

ஆனால் என்னங்க, எனக்கு ஒரு சந்தேகம், நீங்களே சொல்லுங்கள். லாரியில் வருகிற கீரையில் தப்பு நடந்தால் நான் யார் வாசலில் போய் நிற்பேன்? யார் வாளியைக் கீழே வைத்துவிட்டு 'நான்தான் செய்தேன்' என்பார்கள்? அந்த மொத்தச் சந்தைக் கீரைக்குப் பயந்து, மொத்தச் சந்தையையே வீட்டுக்கு வரவழைக்கப் போகிறோமா? நாம் நிறுத்தினால் அக்கா நிலத்தை விற்றுவிடுவார், மனை போடுகிறவர்கள் ஏற்கெனவே அளவு கல் நட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிலம் போன பிறகு 'பக்கத்தில் விளைந்தது' என்று நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவோம், மொட்டை மாடித் தொட்டியையா?

அதனால் தீர்மானத்தை ஆதரிக்க ஏறியவள் அதை எதிர்த்துப் பேசுகிறேன். என்னைத் திட்டுவதென்றால் இறங்கியதும் திட்டுங்கள். இனி பட்டியலை நாம் எழுத வேண்டாம். வியாழக்கிழமை அக்கா எழுதட்டும், என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று. இருப்பதை நாம் சமைப்போம். ஒரு மாதம் பூசணி என்றால் ஒரு மாதம் பூசணி, பிள்ளைகள் முகம் சுளிக்கும், பெரியவர்கள் அதைவிட அதிகமாகச் சுளிப்பீர்கள், தாங்கிக்கொள்வோம். மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு தோட்டத்துக்கே போய்ப் பாத்தியைப் பார்ப்போம். வாங்கியதை நான்கு தண்ணீரில் கழுவுவோம், யார் கொடுத்தாலும்.

இது சரியாக வருமா? எனக்குத் தெரியாது. பயம் போய்விட்டதா? போகவில்லை. நேற்றுகூட என் மகள் கீரையைக் கண்டதும் தட்டைத் தள்ளினாள்.

அக்கா இங்கேதான் இருக்கிறார். கடைசியில், கதவோரம் நிற்கிறார். யாரும் திரும்பி முறைக்க வேண்டாம், தயவுசெய்து. அக்கா, நான் இங்கிருந்தே கேட்கிறேன், எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமைக்குக் கீரை இருக்கிறதா?

சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா. இன்றைக்கு யாரும் புள்ளி வைக்கமாட்டார்கள்.

"இல்லம்மா."

கேட்டீர்களா? தொண்ணூறு வீடும் கேட்டதா? இரண்டு வருடத்தில் அவரிடம் நாம் வாங்கியதிலேயே கலப்படமில்லாதது இதுதான். இதை நம்பி என் மகளுக்கு மறுபடி அவர் கையிலிருந்து வாங்கி ஊட்டப் பார்க்கிறேன், பயந்துகொண்டே ஊட்டப் பார்க்கிறேன். தலைவர் அவர்களே, இனி நீங்கள் கைகளை எண்ணலாம். என் வீட்டுக்காரர் பக்கம் மட்டும் நான் பார்க்காமலே இறங்கிவிடுகிறேன்.

நேரம் கொடுத்த தலைவருக்கும், கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்ட உங்களுக்கும், இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொன்ன அக்காவுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.