நாலாம் வரிசை

கத்துங்க மாப்ள, நல்லா கத்துங்க. கையைத்தானே கட்டியிருக்கேன், வாயைக் கட்டலையே. முட்டி வலிக்குதா? வலிக்கும். சில்லு ஒடைஞ்சிருக்கு. எந்தக் கம்பியா? உங்க வீட்டு கேட்டுக்குக் குறுக்க போடுவீங்களே, அதேதான். இன்னொரு முட்டி இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

கல்யாணத்தன்னிக்கே நக்கல் அடிச்சீங்க, மச்சினி போலீசா, போன் எடுக்கற பொண்ணான்னு. போலீஸ் கண்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கறவதான். ஆனா எந்த வீட்டுக்கு மொதல்ல வண்டி போகணும்னு எங்க நாற்காலிதான் முடிவு பண்ணும். ஊருக்கே ஒம்போது வண்டி. ஒரே நேரத்துல நாப்பது பேர் கூப்பிடுவாங்க. என்ன பண்றது? ஆயுதம் இருக்கா, ரத்தம் வருதா, ஆள் அங்கதான் இருக்கானான்னு கேப்போம். கத்தின்னா மொத வரிசை, எட்டு நிமிஷத்துல வண்டி. திருட்டு மூணாவது. நாய் கொலைக்குது, பாட்டு சத்தம், இதெல்லாம் நாலாவது. வண்டி சும்மா இருந்தா போகும்.

இன்னொண்ணும் உண்டு. ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவ வண்டி போயி, ஒண்ணுமில்ல சார், புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வைங்க. ட்யூட்டில இருக்கறவங்க அந்த விலாசத்து மேல ஒரு குறிப்பு போடலாம். அப்புறம் அந்த வீட்டப் பத்தி யாரு, என்னன்னு கூப்பிட்டாலும் நாலாவதுதான்.

என் தங்கச்சி ரெண்டு தடவையும் அப்படித்தானே சொன்னா? கதவைப் பாதி தொறந்து சிரிச்சுகிட்டே. கதவுக்குப் பின்னாடி அவ முடி உங்க கையில இருந்தது வந்தவருக்கு எப்படித் தெரியும்?

மூணாவது தடவ எனக்கு லீவு. பக்கத்து சீட்டுக்காரி எடுத்தா. அவர் கையில கத்தி இருக்குன்னு அலறியிருக்கா என் தங்கச்சி. ரெகார்டிங்க கேட்டேன், மாப்ள. பதினொரு தடவ கேட்டேன். ஆனா ஸ்க்ரீன்ல குறிப்பு இருந்துச்சே. வண்டி வர மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம். அவ்வளவு நேரத்துக்கு அவ ஒடம்புல ரத்தம் இல்ல.

காய் நறுக்கறப்ப வழுக்கி விழுந்துட்டான்னு நீங்க சொன்னதை நானும் கேட்டேன். அரசு வக்கீல் மேசையில முந்நூறு கொலை ஃபைல். சாட்சி இல்ல, ரெகார்டிங்ல உங்க குரல் இல்ல, ஜெயிக்காத கேஸுக்கு ஆள் ஒதுக்க முடியாதும்மான்னார். நல்ல மனுஷன்தான், தண்ணிகூடக் குடுத்தார். விபத்துன்னு மூடிட்டாங்க.

என்ன, ஜன்னலப் பாக்கறீங்க? ஆமா, பக்கத்து வீட்டம்மா போன் பேசறாங்க. கொலை, கொலைன்னு சொல்றாங்க பாருங்க. பாவம், நல்லவங்க.

வருவாங்க, வராம இருக்க மாட்டாங்க. சாயங்காலம் ஆகும்.

இந்த வீட்டுக்குக் குறிப்பு போட்டது நான்தான். தங்கச்சி வீட்டு விலாசம் திரும்பத் திரும்ப எல்லார் ஸ்க்ரீன்லயும் வருதேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில அழிக்கலாம்னு தொறந்தேன். இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்.

எங்க, அந்தக் காலை நீட்டுங்க.