மூன்று சிவப்புக் கோல்கள்

தூரத்தைக் கண்ணால் அளக்க யாருக்கு வேண்டுமானாலும் கற்றுத்தரலாம். பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், உடனே அளந்து பார்க்க வேண்டும். எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் கண் தானாகவே திருத்திக்கொள்ளும். தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாகச் சேருபவர்களுக்கு இப்படித்தான் பழக்குகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகளுக்குத் தூரம் பிடிபடவில்லை என்று தலைக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறீர்கள், டாக்டர். அது தேவைப்படாது.

வீட்டில் போர் விளையாடுவோம். சாப்பாட்டு மேசை போர்க்களம், புத்தகங்கள் குன்றுகள். விரல் உயரச் சிப்பாய்களுக்குப் பிள்ளைகளே வண்ணம் தீட்டினார்கள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு. நானும் அவனும் நீலப்படை. அவள் தனியாகச் சிவப்புப்படை. பீரங்கிக்கு ஒரு விதி உண்டு: தூரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தவறினால் குண்டு வீண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை "அறுபத்து மூணு" என்றாள். அளந்தேன், அறுபத்து மூன்று. "நாப்பத்தொண்ணு" என்றாள். அதுவும் சரி. என் தளபதி குப்புற விழுந்தார்.

"ஏம்பா, வேலையிலயும் நீங்க இப்படித்தான் அளப்பீங்களா?"

சோபாவில் இருந்த என் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, பேசாம உங்க வேலைய இவகிட்ட குடுத்துடுங்க."

நானும் சிரித்தேன். கோபப்படவே இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே அவள் படைக்கென்று ஓர் அளவுகோல் செய்து கொடுத்தேன். மெல்லிய மரச்சட்டம், சிவப்புச் சாயம், அச்சிட்டு ஒட்டிய கோடுகள். அவளுக்குத் தெரிந்தது ஒரு கோல். நான் செய்தது மூன்று. மூன்றும் ஒரே நீளம். ஒன்று சரியானது. இன்னொன்றில் கோடுகள் கொஞ்சம் நெருக்கம், அறுபத்து மூன்று அதில் அறுபத்தாறாகும். மற்றதில் கொஞ்சம் அகலம், அறுபதாகிவிடும். ஒரு பொய்க்கோல் போதாதா என்று கேட்பீர்கள். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கண் அதையும் கற்றுக்கொள்ளும். முதலில் வைத்த பொய்க்கோலை அவள் ஐந்தே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அதனால் மாற்றி மாற்றி வைத்தேன்.

ஒருநாள் குறி தவறியதும் பள்ளிப் பையைத் துழாவினாள். ஸ்கேலோடு அவள் திரும்புவதற்குள் சரியான கோலை மேசைமேல் வைத்துவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

"உங்க மேல சந்தேகப்பட்டுட்டேம்பா. ஸாரி."

மன்னித்தேன்.

இரண்டாம் வருடம் எண்ணைச் சொல்லும் முன் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். "அக்காவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று சின்னவன் ராகம் போட்டுப் பாடுவான். எதிரிப்படை கேலி செய்யத்தானே செய்யும், நான் தடுக்கவில்லை. மூன்றாம் வருடம் தன் பீரங்கிக்கான தூரத்தையே அவனிடம் கேட்டாள். "நீயே சொல்லுடா. எனக்கு எல்லாம் தப்பாத்தான் வரும்."

இப்போது படியில் காலால் தடவி இறங்குகிறாள். தண்ணீர் டம்ளரை எட்டி எடுக்கும்போது ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. சாலையோரத்தில், "அந்த பஸ் கிட்டத்துல இருக்கா, தூரத்துல இருக்கா?" என்று கேட்கிறாள். கண்ணில் குறையே இல்லை என்று நீங்கள் வியந்துபோனீர்கள். குறை எப்படி இருக்கும்? அவளுடையது நான் பார்த்ததிலேயே மிகத் துல்லியமான கண். அதை நான்தான் கெடுத்தேன்.

சரிசெய்யும் வழியும் எனக்குத் தெரியும். ஆனால் என்ன அவசரம்? இங்கே வரும்போதுகூட என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடந்தாள். பதினான்கு வயதில் எந்தப் பெண் தன் அப்பாவை இவ்வளவு நம்புகிறாள், சொல்லுங்கள்.