உள்பக்கக் கீறல்

கண்ணாடியா அக்ரிலிக்கா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் அக்ரிலிக் என்றுதான் சொல்வேன். இவ்வளவு நடந்த பிறகும் அதில் மாற்றமில்லை.

ஐயா, நீங்கள் மீன்தொட்டிக் கடை நடத்துகிறவர். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் உங்கள் பாலிஷ்காரர் மேல் தவறில்லை என்பது விளங்கும்.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். ஆறடித் தொட்டி வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அது கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். நான் வேதியியல் படித்தவள். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதினேன். கண்ணாடி: எடை அதிகம், எளிதில் கீறாது, கீறினால் போகாது. அக்ரிலிக்: எடை பாதி, எளிதில் கீறும், கீறினால் தேய்த்துச் சரிசெய்யலாம். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அண்ணி அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

வீட்டில் என்னை யாரும் அடக்குவதில்லை. நான் பேச ஆரம்பித்தால் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும், அவ்வளவுதான்.

அளவெடுக்க வந்தவர் உங்கள் பாலிஷ்காரர். பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்தத் தாளைப் படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நம்ம வீட்டு விஞ்ஞானி," என்றான் அண்ணன். "டீக்குச் சர்க்கரை போடறதுக்கே ஃபார்முலா எழுதுவா."

"சரியாத்தான் சார் எழுதியிருக்காங்க. கண்ணாடின்னா இந்தப் படியில ஏத்த எட்டு ஆள் வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வெயில் எந்தப் பக்கமா வரும்ங்க?"

பதில் எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. அவர் டேப்பைப் பிடித்தபடி காத்திருந்தார். பதினொரு வினாடி இருக்கும். அதற்குமுன் யாரும் எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"மேற்கு," என்றேன்.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்மேல் எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், அதில் ஒன்று எழுதாது என்பதெல்லாம் தற்செயலாகக் கண்ணில் பட்டவை.

அக்ரிலிக் தொட்டி வந்தது. முதல் கீறல் என்னுடையதல்ல. அம்மா பாத்திரம் தேய்க்கும் நாரால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டாள். அவர் வந்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, களிம்பு போட்டு மெருகேற்றினார். நாற்பது நிமிடத்தில் கீறல் இருந்த இடமே தெரியவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "கீறல் விழுந்தா கவலையே வேணாம், கூப்பிடுங்க. ஸ்பிரிட் மட்டும் பக்கத்துல கொண்டுவராதீங்க. மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டுரும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

அதில் முதல் பாதிதான் என் மனதில் நின்றது.

அடுத்த கீறல் பதினைந்து நாள் கழித்து விழுந்தது. அதே நார்தான். ஆனால் உள்பக்கம். அதற்குக் காரணம் உண்டு. உள்ளே கீறினால் தண்ணீரைப் பாதிக்குமேல் இறைக்க வேண்டும், மீன்களை வாளிக்கு மாற்ற வேண்டும், தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். மொத்தம் நாலு மணி நேரம். வெளிக் கீறலுக்கு நாற்பதே நிமிடம். ஒப்பிட்டுப் பார்த்தால் எது மேல் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை.

இன்னொரு வசதியும் இருந்தது. கீறல் உள்ளே இருந்தால் சந்தேகமும் உள்ளே இருப்பவர்மேல்தான் போகும்.

எங்களிடம் ஒரு பெரிய ஆஸ்கர் மீன் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் என்பதால் அண்ணன் அதை 'மேனேஜர்' என்று கூப்பிடுவான். கூழாங்கல்லைக் கவ்வி இடம் மாற்றுவது அதன் பழக்கம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனே தீர்ப்பு வழங்கினான்.

"மேனேஜர்தான் கல்லை வெச்சு உரசறான். முழியைப் பாரு, திருட்டு முழி."

"பாவம், வாயில்லா ஜீவன்," என்றாள் அம்மா.

"வாய் இல்லாமயா அம்மா கல்லைத் தூக்குறான்?"

இப்படி நான்கு சனிக்கிழமைகள். அன்று அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், அம்மா தையல் வகுப்புக்கு. அவர் தேய்ப்பார், நான் குழாயைப் பிடித்துக்கொள்வேன். ஸ்பிரிட் பட்டால் ஏன் வெடிக்கிறது என்று ஒருநாள் கேட்டார். இருபத்தைந்து நிமிடம் விளக்கினேன். அவர் குறுக்கே பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும், "அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்பதற்காக.

ஐந்தாவது கீறலுக்குப் பிறகு அண்ணன் மேனேஜரைப் பல் டாக்டர் ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அவருடைய காத்திருப்பு அறையில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. பையில் கட்டி எடுத்துப் போகும்போது அது என்னையே பார்த்தது. மீனுக்கு இமை கிடையாது, ஆகவே அதில் அர்த்தம் எதுவும் இல்லை. பதினோராம் நாள் இறந்துவிட்டது. அது கண்ணாடித் தொட்டி என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் போனபின் கீறலுக்குப் பழி ஏற்க ஆளில்லை. ஏழு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அவர் சொன்னதில் இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது. வந்தும் பிரயோஜனம் இல்லை என்றிருந்தார். அதாவது, எப்படியும் வருவார்.

மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, பஞ்சில் நனைத்து, அடிப்பக்க மூட்டில் மூன்று நாள் துடைத்தேன். மெல்லிய வெள்ளி இழைகள் ஓடின. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அண்ணன் உங்களுக்குப் போன் செய்தான். புதன்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். தொட்டி ஞாயிறு மதியம் வரைதான் பொறுத்தது.

ஐந்நூறு லிட்டர். அம்மா சோபா மேல் ஏறி நின்றுகொண்டாள். அண்ணியின் செருப்பு படியிறங்கிப் போனது. ஒன்பது சின்ன மீன்களில் ஏழு மீன்களை நான் டீ வடிகட்டியால் எடுத்தேன். அண்ணன் முதல்முறையாக, "நல்லவேளை நீ இருந்தே," என்றான். மறுக்கவில்லை.

நீங்களே நேரில் வந்தீர்கள். உடைந்த மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அவன் வேலை சார். மெஷினை அழுத்தி ஓட்டி சூடேத்தியிருக்கான். அவனை நிறுத்திட்டேன். பதிலுக்குக் கண்ணாடியில நானே செஞ்சு தர்றேன்," என்றீர்கள். நான் டீ கொண்டுவந்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் கண்ணாடியின் தடிமனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். பதினொரு வினாடி நீங்கள் பொறுத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். உள்பக்கக் கீறல் நான்கும் நான் போட்டவை. வெடிப்பும் நான் வைத்தது. மேனேஜர் நிரபராதி. உங்கள் பாலிஷ்காரரின் கை மிகச் சுத்தமான கை. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். அறிவியல் படித்தவள் உண்மையை மறைக்கக் கூடாது என்பதால்தான் சொல்கிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

கண்ணாடித் தொட்டி வந்து இன்றோடு ஆறு நாள். எட்டுப் பேர்தான் தூக்கினார்கள். காலையிலிருந்து அதன் வலது மூலையில் சொட்டுகிறது, நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு. சிலிக்கான் ஒட்டும் வேலையும் தெரியும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவரையே அனுப்புங்கள். அவசரமில்லை. சனிக்கிழமை வரை தாங்கும் அளவுக்குத்தான் அறுத்திருக்கிறேன்.