கொழும்புக்குப் போகாத முயல் கடிதம்

கருணை ததும்பும் கண்ணும் கைராசி மிக்க கரமும் கொண்டு, இக்கரையோர மிருக வைத்தியசாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் வாயில்லா உயிர்களின் வலி தீர்த்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் மதிப்புக்குரிய வைத்திய உதவியாளர் ஜனாப் கச்சிமுகம்மது அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் புகழைத் தங்கள் முன் பாடுவது எளிது. ஆயின், தங்களுக்கு நாங்கள் இழைத்ததை இன்று இச்சபை கேட்டாக வேண்டும்.

சபையோரே! மூன்று வருடங்களுக்கு முன், சாய்ந்தமருது றுகையா உம்மாவின் ஆடு காயவைத்த புகையிலையைத் தின்று, துள்ளித் துடித்து, இவர் மடியிலேயே உயிர்விட்டது. இவர் மனம் ஆறவில்லை. புகையிலையின் நிக்கோட்டின் ஒரு மிருகத்தை இப்படி ஆட்டுவது எப்படி? மூளையில் செரட்டோனின் என்றொரு பொருள் உண்டென்றும், சர்ப்பகந்தி வேரின் மருந்து அதை வற்றச் செய்யுமென்றும் வைத்தியரின் சஞ்சிகையில் படித்தார். ஆறு முயல்கள் வளர்த்தார். புகையிலைச் சாறு சில துளி பெற்றவை கூடெங்கும் ஓடின. அதற்கு முந்திய நாளே வேர்மருந்தும் பெற்றவை, அதே துளிகளுக்கு அசையாமல் குந்தியிருந்தன.

"செரட்டோனின் இல்லாட்டி நிக்கோட்டினும் ஆட்டாது போல இரிக்கி," என்றார் எழுதுவினைஞர் செல்லத்தம்பியிடம். "ஆனா வேர்மருந்தே சோம்பலாக்கும். அதால நிச்சயமாச் சொல்ல ஏலாது. கொழும்புல படிச்சவங்கள்ட்ட கேப்பம்."

ஆறு பக்கம் எழுதித் தபாலில் சேர்க்கக் கொடுத்தார். செல்லத்தம்பி அதை உரக்க வாசிக்க, நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். எங்கள் வைத்தியசாலைக் கந்தோரின் மானம் போகுமென்று அலுமாரிக்குள் போட்டோம்.

எட்டு மாதம், தபால் வரும்போதெல்லாம் கேட்டார்: "கொழும்புக் கடுதாசி வந்திச்சா, தம்பி?"

"இல்ல சேர்."

ஒன்பதாம் மாதம் அவர் கேட்கவில்லை. முயல்களை அயலவருக்குக் கொடுத்தார். குறிப்புப் புத்தகத்தை மூடினார். அதன்பின் எந்தச் சஞ்சிகையையும் அவர் கையில் நாங்கள் காணவில்லை.

சென்ற வாரம், பொறுக்கமாட்டாமல், செல்லத்தம்பி அக்கடிதத்தை அவர் கையில் வைத்து அழுதார். வாங்கியவர் உறையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவங்க சிரிக்கல்லியா?" என்றார். "கொழும்புல உள்ளவங்க சிரிச்சிப்போட்டு வீசிட்டாங்க எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

ஐயனே! சிரித்தவர்கள் நாங்களே. அறியாமையால் செய்ததென்று சொல்லித் தப்ப மாட்டோம். எட்டு மாதமும், அதன் பின்னும், அறிந்தே வாய்மூடி இருந்தோம். தங்களிடம் கேட்டு வாங்கிய அக்கடிதத்தை இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டோம். மறுமொழி வருமோ, வராதோ! வந்தால், பிரிக்காமல் தங்கள் கையில் தருவோம்.

வல்ல அல்லாஹ் தங்களுக்கும் துணைவியார் சபூறா உம்மாவுக்கும் நீடிய ஆயுளும் நோயற்ற நாட்களும் அருள்வானாக! எங்களைப் பொறுத்தருளும் மனத்தையும் தங்களுக்கு அவனே தரட்டும்.

இங்ஙனம்,
சி. செல்லத்தம்பி, எழுதுவினைஞர்
மற்றும் சிரித்த ஊழியர் அனைவரும்
கல்முனை, 27.06.1959