குழாய் வாய்மூடிய காலை

மாடித் தோட்டக்காரர்களின் மகத்தான மன்றத்துக்குத் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! நரைத்த தலையும் நகக்கண்ணில் மண்ணுமாய் வந்திருக்கும் பெரியோர்களே! செடிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் பதைபதைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் இருந்து, நான் என்ன உளறப்போகிறேனோ என்று முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் ஈரமான வணக்கம்.

முப்பது ஆண்டுகள் தீயணைப்பு வண்டியில் இருந்தவன் நான். தண்ணீரைப் பற்றி எனக்கா பாடம்? பீய்ச்சத் தெரியும், பாய்ச்சத் தெரியும், ஊட்டத் தெரியுமா? தெரியாது ஐயா, தெரியவே தெரியாது!

இவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் படியேறக் கூடாது என்றார் மருத்துவர். வலிக்கு அழாதவள், மொட்டைமாடியில் விதை போட்டு வளர்த்த பன்னிரண்டு கத்தரிச் செடிகளுக்காகக் கண் கலங்கினாள். நானிருக்கிறேன் என்று மார்தட்டினேன். மறுநாள் உச்சி வெயிலில் ஹோஸைப் பிடித்து ஒரே அடி! இலை நனைந்தது, தரை நனைந்தது, என் வேட்டி நனைந்தது. வேர் மட்டும் நனையவில்லை.

கீழே இறங்கினால், "தெருவுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தீங்களா?" என்கிறாள். படுக்கையறை சன்னலை ஒட்டித்தான் மாடித் தண்ணீர் இறங்கும் குழாய். அதன் சத்தத்திலேயே என் குட்டை உடைத்துவிட்டாள். அம்மா, அதற்குள் கைதட்டாதீர்கள், இன்னும் கேவலம் பாக்கி இருக்கிறது!

சத்தம் வந்தால்தானே திட்டு? குழாய் வாயில் கோணிச் சாக்கை அடைத்தேன்! நான்கே நாளில் மாடி குளமானது. தொட்டிகள் நீரில் நின்றன. செடிகள் தலை தொங்கின. தலை தொங்கியபடியே நானும் போய் ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை.

"என்னை ஏமாத்தலாம். செடியை ஏமாத்த முடியுமா? விடிஞ்சதும் போங்க. மண்ணுல விரல் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா திரும்பிடுங்க. காஞ்சிருந்தா வேர்ப்பக்கமா மெதுவா ஊத்துங்க, அது குடிக்கட்டும், அப்புறம் இன்னும் கொஞ்சம்."

சாக்கை எடுத்தேன், ஹோஸைச் சுருட்டினேன், குவளையைப் பிடித்தேன். ஒரு காலை, சன்னலோரக் குழாய் வாயே திறக்கவில்லை. அன்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எந்தத் தீயை அணைத்தபோதும் எனக்கு அந்த மகிழ்ச்சி கிடைத்ததில்லை!

மூன்று மாதம் முடிந்து, என் தோளைப் பிடித்து மாடியேறினாள். ஒன்று பட்டுப்போயிருந்தது; பதினொன்று காய்த்திருந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கால் சரியாயிடுச்சு. ஆனா தண்ணி இனிமே நீங்களே ஊத்துங்க. நான் கீழருந்து கேட்டுக்கிறேன்."

அதைவிடப் பெரிய பதக்கம் எவன் பெற்றான்? நாளைக் காலை உங்கள் வேர்கள் குடிக்கட்டும், உங்கள் குழாய்கள் வாய்மூடட்டும்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், முறைப்பை நிறுத்திச் சிரிக்கும் அவளுக்கும் நன்றி, வணக்கம்.